வகுத்துப் பார்க்காத ஊர்

காற்றாலைகள் வரிசை கட்டிச் சுற்றுகிற மலையடிவாரத்தில், தலைக்கு மேலே உற்பத்தியாகிற கரண்டெல்லாம் எங்கெங்கோ இருக்கிற பெரிய பட்டணங்களுக்குப் போய்க்கொண்டிருக்க, தன் வீட்டு மின்விசிறி சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்று அண்ணாந்து பார்த்துச் சந்தேகப்படுகிற நிலையில் தாழைப்பாறை என்றொரு ஊர் இருந்தது. அந்த ஊரில் டியூப்லைட் எரியாது, இரண்டு முனையிலும் சிவந்து காட்டிவிட்டு அப்படியே கிடக்கும். மாவு ஆட்டப் போட்ட கிரைண்டர் பாதி உளுந்தோடு முனகி நிற்கும். மழைக்காலத்தில் அந்தக் கரண்டும் பாதி நாள் இருக்காது. காற்றை விற்றவன் எவனோ, வாங்கினவன் எவனோ, புழுக்கம் மட்டும் தாழைப்பாறைக்கு.

அந்த ஊரில் பீடி சுற்றிப் பிழைக்கிற பிரமாச்சி இருந்தாள். அவள் புருஷன் தளவாய் ஆடு மேய்த்தான். வெடுக்கென்று ஒரு வார்த்தை பேசாத மனுஷன். ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தால் தான் நின்று அதைப் போகவிட்டுப் போகிறவன். ஐப்பசிக் காற்றில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே மின்கம்பி தொய்ய ஆரம்பித்தபோது முதலில் பார்த்துச் சொன்னவனும் அவன்தான். வைக்கோல் வண்டி உயரத்துக்கு இறங்கியது, பிறகு ஆள் உயரத்துக்கு இறங்கியது, ஊரே மின்சார ஆபீசுக்குப் போய்ச் சொன்னது, ஆபீசில் ஆள் இல்லை என்றார்கள், ஆள் வந்தபோது ஏணி இல்லை என்றார்கள், ஏணி வந்தபோது மழை வந்துவிட்டது என்றார்கள். பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாய் பொறுக்கமாட்டாமல் காய்ந்த கவைக்கம்பு ஒன்றை வெட்டிக் கொண்டுபோய், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கம்பிக்கு முட்டுக் கொடுத்தாள். ஒரு விடியற்காலம் காற்று முட்டுக்கம்பைத் தள்ளிவிட்டது. கம்பி விழுந்து கிடந்த, தண்ணீர் தேங்கிய பாதையில், ஆடுகளுக்கு இலைக்கட்டு எடுக்கப் போன தளவாய் காலை வைத்தான். அவ்வளவுதான்.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். சம்பவ இடத்துக்குச் சேறாக இருக்கிறது என்று போகவில்லை. பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்து, ஊரில் ஒருவரையும் ஒரு வார்த்தையும் கேட்காமல், எழுதிக்கொண்டு வந்ததையே படித்தார்: "இறந்தவர் கவனமில்லாமல் நடந்து சென்றதே விபத்துக்குக் காரணம்." படித்துவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டான் என்கிற தைரியத்தில் எழுதப்படுகிற வாக்கியங்கள் இந்த நாட்டில் எத்தனையோ உண்டு, அவற்றில் இதுவும் ஒன்று.

பிரமாச்சி வேறெதுவும் கேட்கவில்லை. மறுவிசாரணை வேண்டும், அந்த ஒரு வரியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். "அவுக கவனமில்லாம நடக்கிற ஆளில்ல. கவனமா இருக்க வேண்டியவுக யாருனு எழுதுங்க," என்று யார் வந்தாலும் சொன்னாள். பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பார்க்கலாமில் ஒரு கார்த்திகையும் மார்கழியும் போயின.

தை பிறந்து சில நாட்களில், வழக்கம்போல ஊரே இருட்டிக் கிடந்த ஒரு பொழுது சாய்கிற நேரம், வார்டு மெம்பர் வெயிலுமுத்து துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பிரமாச்சி வீட்டுக்கு வந்து நடையில் உட்கார்ந்தார். வெயிலுமுத்து கெட்டவரில்லை. குளத்துத் தண்ணீரை யாருக்கு எப்போது என்று முறை வைத்துத் திறந்துவிடுகிற குடும்பத்தில் பிறந்தவர், அதனால் எதையும் பங்கு வைத்துத்தான் அவருக்கு யோசிக்க வரும். கெட்டவராக இருந்திருந்தால் பிரமாச்சிக்கு எவ்வளவோ நல்லதாகப் போயிருக்கும். அவர் கனிவாகச் சொன்னார்:

"விடு தாயி. போன உசுரு திரும்பியா வரப்போவுது? கம்பி தாழ்ந்துதான் கெடந்துச்சு, இல்லைங்கல. ஆனாலும் அவனும் கொஞ்சம் பாத்துப் போயிருக்கலாம்லா."

எரியாத விளக்குக்குச் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்த பிரமாச்சியின் கை அப்படியே சுவிட்சுப் பலகையில் நின்றது. பலகைக்குப் பின்னால் ஏதோ இரைந்தது, டியூப்லைட் துடிக்காமல் கொள்ளாமல் ஒரே வீச்சில் எரிந்தது, அந்த வீட்டுச் சுவரில் எத்தனை பல்லி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டில் பாதியில் நின்றிருந்த கிரைண்டர் தானாகச் சுற்றத் தொடங்கவும், "கரண்டு வந்துட்டு போலுக்கே," என்று சொர்ணத்தாய் உள்ளே ஓடி மிச்ச உளுந்தைத் தள்ளிவிட்டாள். கம்பத்தில் கரண்டு இல்லை, வந்தது பிரமாச்சியின் கையிலிருந்து என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. தெரிந்ததும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களும் உளுந்தை ஊறப்போட்டார்கள்.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. அநியாயமாக ஒருத்தன் செத்ததையே ஆச்சரியமாகப் பார்க்காத ஊர், அவன் பெண்டாட்டியின் கோபத்தில் விளக்கு எரிவதையா ஆச்சரியமாகப் பார்க்கும்?

மறுநாள் உயர்நிலைப்பள்ளி இயற்பியல் வாத்தியார் எட்வின், சோதனைச்சாலையிலிருந்து வோல்ட்மீட்டரையும் அம்மீட்டரையும் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தார். பிரமாச்சியின் வலது உள்ளங்கையில் ஒரு செம்புக் கம்பியையும் இடது உள்ளங்கையில் ஒரு செம்புக் கம்பியையும் கொடுத்து, இரண்டையும் இழுத்துத் தெருவுக்குப் போகிற லைனில் சேர்த்தார். பிறகு அவளை என்ன சொல்லிக் கோபப்படுத்துவது என்று தெரியாமல் தயங்கி நின்றார், ஏனென்றால் அவரும் கெட்டவரில்லை. வெயிலுமுத்துதான் மறுபடியும் அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஒரு முள் இருநூற்று முப்பது வோல்ட்டில் நின்றது, இன்னொன்று இரண்டு ஆம்பியரில் நின்றது. வாத்தியார் பரவசமாகி, வகுப்பில் சொல்கிற குரலிலேயே தெருவுக்குச் சொன்னார்:

"மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால பெருக்குனா திறன். எரநூத்தி முப்பதை ரெண்டால பெருக்குங்க. நானூத்தி அறுபது வாட்! அஞ்சு வீட்டுக்கு லைட்டும் நாலு ஃபேனும் தாராளமா ஓடும்."

ஊர் முழுக்கப் பெருக்கல் பரவியது. ரேஷன் கடைச் சுவரில் கரிக்கட்டையால் இன்றைய வோல்ட், இன்றைய ஆம்பியர் என்று எழுதிப் போட்டார்கள். பீடி சுற்றுகிற பெண்கள் இலை வெட்டிக்கொண்டே பெருக்கினார்கள், டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை வைத்துக்கொண்டு பெருக்கினார்கள், மிக்சிக்கு இவ்வளவு, மோட்டாருக்கு இவ்வளவு, தேய்ப்புப் பெட்டிக்கு இவ்வளவு என்று வாட் கணக்கு எல்லார் வாயிலும் புழங்கியது. அதே இரண்டு எண்களை வைத்து இன்னொரு கணக்கும் உண்டு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை வரும். அதுவும் அதே பாடத்தில், அதே பக்கத்தில்தான் இருக்கிறது. பெருக்கினால் நமக்குக் கிடைப்பது எவ்வளவு என்று தெரியும். வகுத்தால் நாம் எவ்வளவு தாங்கிப் பிடிக்கிறோம் என்று தெரியும். கிடைப்பதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட அளவுக்கு மற்றதைத் தெரிந்துகொள்ள அந்த ஊரில் ஒருவரும் ஆசைப்படவில்லை.

பிரமாச்சி ஏன் கம்பியைப் பிடித்தாள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முதல் நாளே அவள் கம்பிகளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"நான் என்ன உங்களுக்கு டிரான்ஸ்பார்மரா? எனக்கு வெளக்கு வேண்டாம் மாமா. அந்த வரிய எடுத்தாப் போதும்."

"அதைத்தான் தாயி நாங்களும் சொல்லுதோம்," என்றார் வெயிலுமுத்து. "மறுவிசாரணைனு ஒண்ணு வரத்தான் செய்யும். அன்னைக்கு நீ ஒத்தையில நின்னு என்ன பேசுவ? ஊரு வந்து சாட்சி சொல்லணும்லா. சொல்லுதோம். கம்பி தொங்குனது, நாம போயிச் சொன்னது, அவங்க வராதது, சொர்ணம் முட்டுக் குடுத்தது, அம்புட்டையும் வீட்டுக்கு ஒருத்தரா நின்னு சொல்லுதோம். அதுவரைக்கும் பொழுதடைஞ்சதும் செத்த நேரம் இதைப் பிடிச்சுக்கோ. புள்ளைங்க படிக்கும்."

சொர்ணத்தாயும் அவள் தாடையைத் தொட்டுச் சொன்னாள்: "நான் இருக்கேன்ட்டி. என் கையால வெட்டுன கம்பு. நான் சொல்லாம யாரு சொல்லுவா?"

தளவாயின் பெயரில் ஒட்டிய அந்தப் பொய்யைத் துடைக்க ஊரே வந்து நிற்கும் என்கிற ஒரே நம்பிக்கையில் பிரமாச்சி கம்பிகளை எடுத்துக் கையில் பிடித்தாள். அவள் கொடுத்தது கரண்டு, அவர்கள் கொடுத்தது வாக்கு.

வெயிலுமுத்து முறை வைத்தார். குளத்துத் தண்ணீருக்கு எப்படியோ அப்படியே. இன்றைக்கு மேலத்தெருவில் இன்னார் வீடு, நாளைக்கு அதற்கடுத்த வீடு. முறைக்காரர் பொழுதடைகிற நேரத்தில் பிரமாச்சி முன்னால் வந்து உட்கார்ந்து அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் சிலர் தெரியாமல் திட்டிப் பார்த்தார்கள், புருஷனை விழுங்கினவளே என்று கூடச் சொல்லிப் பார்த்தார்கள். முள் சும்மா நடுங்கிவிட்டு அடங்கியது. வசவுக்கு அவள் மசியவில்லை. பரிவோடு சொன்னால்தான் முள் ஏறியது. கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, சாப்பிட்டியா என்று கேட்டு, தளவாயின் நல்ல குணங்களையெல்லாம் நாலு சொல்லி, பெருமூச்சு விட்டு, கடைசியில் "ஆனாலும் அவரும் கொஞ்சம் பாத்துப் போயிருக்கலாம்" என்று முடித்தால் இருநூற்று முப்பது அப்படியே நிற்கும். ஊர் அதைக் கற்றுக்கொண்டது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தொண்டையைச் செரும வேண்டும் என்று பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியூரில் வாக்கப்பட்ட பெண்கள் தங்கள் பிறந்த வீட்டு முறைக்காகப் பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நடந்தது என்ன என்று ஒவ்வொருவருக்கும் தெரியும், தெரிந்தே சொன்னார்கள், சொல்லிவிட்டு வெளியே வந்து தெருவிளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

இரண்டு ஆம்பியர் எத்தனை நாளைக்குப் போதும்? ஃபேன் ஓடின வீட்டில் ஃபிரிட்ஜ் வந்தது, ஃபிரிட்ஜ் வந்த வீட்டில் கீசர் வந்தது, மாவு மில் வைத்தார்கள், கோயில் கொடைவிழாவுக்கு வாசலிலிருந்து குளக்கரை வரைக்கும் சீரியல் விளக்குப் போட்டார்கள். ஆம்பியர் பத்தாயிற்று. பெருக்கினால் இரண்டாயிரத்து முந்நூறு வாட். ரேஷன் கடைச் சுவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். பிறகு ஆம்பியர் இருபத்து மூன்றாயிற்று. பெருக்கினால் ஐயாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. வோல்ட் இறங்கப் பார்த்தபோதெல்லாம் வெயிலுமுத்து ஒரு வீட்டுக்குப் பதிலாக மூன்று வீட்டு முறைக்காரர்களைச் சேர்த்து அனுப்பினார்.

பிரமாச்சியின் உள்ளங்கையில் ரேகைகள் மறைந்தன. காலையில் பீடித்தட்டை மடியில் வைத்தால் விரல் மடங்கவில்லை. இலை சுருளாமல் கிழிந்தது. சோறு இறங்கவில்லை. முதலில் சொர்ணத்தாயும் மற்றப் பெண்களும் அவளுடைய பங்குப் பீடியையும் சேர்த்துச் சுற்றிக் கொடுத்தார்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் டிவி பார்க்க வேண்டியிருந்ததால் அதை விட்டுவிட்டார்கள்.

எட்வின் வாத்தியார் ஒரு நாள் பத்தாம் வகுப்பில் தடைக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது, உதாரணத்துக்கு ஊர் எண்களையே கரும்பலகையில் எழுதினார். இருநூற்று முப்பதை இரண்டால் வகுத்தால் நூற்றுப் பதினைந்து ஓம். பத்தால் வகுத்தால் இருபத்து மூன்று. இருபத்து மூன்றால் வகுத்தால் பத்து. எழுதிவிட்டுச் சாக்பீசோடு நின்றுவிட்டார். பிரமாச்சியின் வலது கைக்கும் இடது கைக்கும் நடுவில் இருப்பது ஊர். அவளிடமிருந்து பாய்கிறதை ஊர் எவ்வளவு தடுத்து நிறுத்துகிறது என்பதுதான் அந்த எண். அது நூற்றுப் பதினைந்திலிருந்து பத்துக்கு வந்துவிட்டது. இன்னும் இறங்கினால் நடுவில் ஊர் என்று ஒன்று இருப்பதே கணக்கில் வராது, ஒரு கையையும் மறு கையையும் வெறும் கம்பியால் சேர்த்துக் கட்டினதாகிவிடும், அப்படிக் கட்டினால் எந்த மின்கலமும் பிழைக்காது. மனுஷி எப்படிப் பிழைப்பாள்?

அவர் வெயிலுமுத்துவிடம் ஓடினார்.

"மெம்பரே, நம்ம தடை கொறைஞ்சுக்கிட்டே போவுது. இது நல்லதுக்கில்ல. பாரத்தைக் கொறைக்கணும். அந்தம்மா தாங்கமாட்டா."

"ஒயரு சூடாவுதுனு சொல்லுதீரா சார்?"

"ஒயரைச் சொல்லல..."

"தடிமன் ஒயரா மாத்திப் போடச் சொல்லுதேன். வேற என்ன?"

தடிமன் ஒயர் போட்டார்கள். தடை இன்னும் கொஞ்சம் இறங்கியது. வாத்தியார் வீட்டுக்குப் போனார். போன வாரம் வாங்கின வாஷிங் மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மனைவி இத்தனை வருஷம் கையால் துவைத்தவள், அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வகுப்பில் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

செய்தி மின்சார ஆபீசுக்கும் போயிற்று. ஜீப் வந்தது. இறங்கின பொறியாளரும் ஆச்சரியப்படவில்லை. அனுமதி இல்லாத இணைப்பு என்று முகத்தைச் சுளித்தார், பிறகு மீட்டரைப் பார்த்து இருநூற்று முப்பதா என்று பெருமூச்சு விட்டார், அவர் ஆபீசிலேயே அவ்வளவு வருவதில்லை. யோசித்தார். உங்களுக்குத்தான் சொந்தமாக இருக்கிறதே என்று ஊர் எல்லையிலிருந்த டிரான்ஸ்பார்மரைக் கழற்றி வேறெங்கோ கொண்டுபோய்விட்டார். தொங்கிய கம்பிக்கு வராத ஏணியும் ஆளும் அன்றைக்கு வந்தன. கழற்றிக் கொண்டுபோக என்றால் எல்லாம் எப்படி வருகிறது பாருங்கள்!

அந்தச் சமயத்தில்தான் மறுவிசாரணைக்கு உத்தரவு வந்தது. வேறொரு அதிகாரி, ஒரு பெண்மணி, ஊருக்கே நேரில் வந்து சாட்சிகளைக் கேட்பார் என்று தண்டோராப் போட்டார்கள். பிரமாச்சி அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு தலை வாரினாள். "அவுக பேரு சுத்தமாயிரும் மைனி," என்று சொர்ணத்தாயிடம் சொன்னாள். சொர்ணத்தாய் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள், அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

ஏனென்றால் அன்று மத்தியானமே ஆலமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. அங்கே யாரும் சத்தம் போடவில்லை, யாரும் பிரமாச்சியைப் பழிக்கவில்லை. வெயிலுமுத்து நிதானமாகத்தான் பேசினார். "வரிய எடுத்துட்டா அவ மனசு ஆறிரும். நல்லதுதான். ஆறிட்டா கரண்டு? டிரான்ஸ்பார்மரும் போயாச்சு. பழைய இருட்டு கூட இல்ல, அதைவிட இருட்டு. நான் பொய் சொல்லுங்கன்னு சொல்லல. தளவாய் நல்லவன்னு சொல்லுங்க. கம்பி தாழ்ந்ததையும் சொல்லுங்க. வழக்கமாச் சொல்லுத மாதிரியே சொல்லுங்க, போதும்." ஊர் மண்ணைக் கீறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. ஒருவரும் மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. அந்த அம்மாள் நல்ல மனசோடுதான் வந்திருந்தார். கம்பங்களுக்கு நடுவே போய் நின்று பார்த்துவிட்டு, செருப்பில் சேறோடு வந்து உட்கார்ந்தார். பிரமாச்சி முன்வரிசையில், மடியில் கைகளை மடக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆளாக எழுந்து போவதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலுமுத்து போனார், தளவாய் தங்கமான பையன் என்றார், கம்பி தாழ்ந்து கிடந்தது உண்மை என்றார், செருமினார், ஆனாலும் அவனும் கொஞ்சம் பார்த்துப் போயிருக்கலாம் என்றார். மேலத்தெருக்காரர்கள் போனார்கள், அதையே சொன்னார்கள். கீழத்தெருக்காரர்கள் போனார்கள். சிலர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற நினைப்போடுதான் எழுந்து போனார்கள் என்று பிறகு சத்தியம் செய்தார்கள். ஆனால் வாய் பழகிவிட்டது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, செரும வேண்டிய இடத்தில் செருமி, முடிக்கிற இடத்தில் அது தானாக வந்து முடித்தது. எட்வின் வாத்தியார் போனார், தரையைப் பார்த்துச் சொன்னார், திரும்பி வந்தார்.

கடைசியாகச் சொர்ணத்தாய். கவைக்கம்பு வெட்டின கை. கம்பியை முட்டுக் கொடுத்து நிறுத்தினதை அவள் சொல்லச் சொல்ல அதிகாரி வேகமாக எழுதினார், பிரமாச்சியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "முட்டுக் குடுத்தது ஊருக்கே தெரியும்மா," என்று சொர்ணத்தாய் சொன்னாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அதான், தெரிஞ்ச எடந்தானே. அவரும் கொஞ்சம்... பாத்துப் போயிருக்கலாம்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுப் பிரமாச்சியைப் பார்த்தார். "ஊரே ஒரே வார்த்தையாச் சொல்லுதும்மா. நான் என்ன செய்ய?" என்றார். அந்த வரி எடுக்கப்படவில்லை. முன்பு ஓர் ஆள் சேற்றுக்குப் பயந்து எழுதின வரி. இப்போது ஊரே கைநாட்டு வைத்த வரி.

பிரமாச்சி அழவில்லை. எழுந்து வீட்டுக்கு நடந்தாள். அவள் கடந்துபோனபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் கையில் ரோமம் நின்றது, பள்ளிக்கூடத்து இரும்பு மணி யாரும் அடிக்காமல் இரைந்தது, தொழுவங்களில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஊர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பயமும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு குதூகலமும் இருந்தது. இன்றைக்கு வருகிற வோல்ட்டுக்கு மில்லையும் மோட்டாரையும் சேர்த்தே ஓட்டலாம் என்று ஒருவன் வாய்விட்டே சொன்னான்.

பொழுது அடைந்தது. முறைக்காரர் என்றில்லாமல் ஊர் மொத்தமும் அவள் வீட்டு முற்றத்தில் வந்து கூடியது. பிரமாச்சி நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் பீடித்தட்டை வைத்து, மடங்காத விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி இலையில் தூளை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். செம்புக் கம்பிகள் இரண்டும் அவள் முன்னால் தரையில் கிடந்தன. எட்வின் வாத்தியார் வோல்ட்மீட்டரின் இரண்டு முனைகளையும் அவள் இரு தோள்களிலும் மெல்லத் தொட்டு வைத்தார். முள் இருநூற்று முப்பதைத் தாண்டி, முந்நூறைத் தாண்டி, எண் முடிகிற இடத்தில் முட்டி வளைந்தது. அம்மீட்டரைப் பார்த்தார். அதன் முள் படுத்துக் கிடந்தது.

"எம்புட்டு சார்?" என்று வெளியிலிருந்து கேட்டார்கள்.

வாத்தியார் பெருக்கினார். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் சுழியால் பெருக்கினால் சுழிதான். பிறகு, யாரும் கேட்காமலே, வகுக்கப் போனார். சுழியால் வகுக்க முடியாது என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர், பீடி சுற்றுகிற அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாயி, ஒயரை எடு," என்றார் வெயிலுமுத்து. அவள் எடுக்கவில்லை. "பிரமு, புள்ளைங்களுக்குப் பரிச்சை," என்று யாரோ சொன்னார்கள். யாரோ பழக்கதோஷத்தில் தளவாயின் நல்ல குணங்களைச் சொல்லி ஆரம்பித்து, செருமி, கடைசி வாக்கியத்துக்கு வந்தார்கள். வோல்ட்மீட்டரின் கண்ணாடி விரிசல் விட்டது. பீடி ஒன்று முடிந்து தட்டில் விழுந்தது. அடுத்த இலையை எடுத்தாள்.

சொர்ணத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள். "நான் நாளைக்கே அந்த அதிகாரியம்மா கிட்டப் போறேன்ட்டி. உள்ளதைச் சொல்லுதேன். உன் புருசன் மேல ஒரு தப்பும் இல்லனு சொல்லுதேன். இப்ப ஒயரைப் பிடி."

பிரமாச்சி முதல் தடவையாக நிமிர்ந்தாள். "போயிச் சொல்லுங்க மைனி. வெளக்கு இல்லாமச் சொல்ல முடியுதான்னு பாருங்க."

இருட்டு நன்றாகவே இறங்கிவிட்டது. ஆள் முகம் ஆளுக்குத் தெரியவில்லை. இலை சுருளுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முற்றத்தில் நின்றவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எங்கே கல், எங்கே பள்ளம், எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று ஒன்றும் தெரியாமல், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, காலால் தடவித் தடவித் தாழைப்பாறை ஊர் வீட்டுக்கு நடந்தது.